லிட்டர் தண்ணீர் 40 வெள்ளி

இந்த வாரக் கடிதங்களில் பாதிக்கு மேல் நாலு கால் பிராணிகளைப் பற்றியவை. தொலைபேசி பில், பிரிட்ஜ் விவகாரங்கள் அடுத்த வாரம்.

கேள்வி: கோயில் பூசைக்குக் கிடா வாங்கினோம். 38 கிலோ, கிலோ 40 வெள்ளி, மொத்தம் 1,520. வயிறு உப்பிக் கொழுகொழுவென்று இருந்தது. வெட்டியதும் 13 கிலோ கறிதான் தேறியது. மீதி எங்கே?
– கோயில் கமிட்டிக்காரர், சுங்கை சிப்புட்

பதில்: வயிற்றைப் பார்த்து வாங்கினீர்கள், வயிறு கிடைத்தது. ஓரளவு சதைப்பிடிப்புள்ள கிடாவில் தலை, கால், தோல், குடல் கழிந்தபின் உயிர் எடையில் 45 விழுக்காடாவது எலும்போடு கறியாக நிற்கும். உங்களுக்கு 17 கிலோ வந்திருக்க வேண்டும். ஆடு மெலிந்தது, குடல் நிரம்பியது, நடந்தது இதுதான்.

இந்த வயிற்று விஷயத்தில் எனக்குப் பழைய கோபம் உண்டு. விற்பதற்கு முதல் நாள் தீனியில் உப்பைத் தூவுவார்கள். ஆடு தாகத்தில் வாளி வாளியாகக் குடிக்கும். லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. உங்கள் கணக்கில் லிட்டர் 40 வெள்ளி. அந்த விலைக்குத் தண்ணீரை எந்தக் கடையிலும் விற்க முடியாது. வயிற்றில் புழு இருந்தாலும் அது பானைபோல் உப்பும். என் வீட்டுக் காதுகுத்துக்கு நானும் அப்படி ஒரு பானையை வாங்கினேன். இலையில் எலும்பை எண்ணிக்கொண்டிருந்த மாமனார் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

வயிறு, ரோமம், கொம்பு, காது நீளம் எதையும் பார்க்காதீர்கள். கடைசி விலா எலும்புக்குப் பின்னால், இடுப்புக்கு முன்னால் கையை வையுங்கள். கட்டைவிரல் நடு முதுகில், மற்ற விரல்கள் பக்கவாட்டில். அங்கே முதுகெலும்பிலிருந்து குட்டையான எலும்புகள் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். முதுகு ரம்பம்போல் குத்தி, அந்தக் குட்டை எலும்புகளுக்கு அடியில் விரல் சுலபமாக நுழைந்தால் அந்த ஆட்டுக்குச் சதைப்பிடிப்பில் ஐந்துக்கு ஒரு மதிப்பெண், மிஞ்சினால் இரண்டு. முனைகள் மழுங்கி, கொஞ்சம் அழுத்தினால்தான் எலும்பு தட்டுப்படும் என்றால் மூன்று. அதுதான் நமக்கு வேண்டியது. அழுத்தியும் எலும்பே அகப்படாவிட்டால் ஐந்து. அதில் கொழுப்புக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். அப்புறம் முன்னங்கால்களுக்கு நடுவே நெஞ்செலும்பையும் தடவிப் பாருங்கள். ஆடு கொழுப்பை முதலில் வயிற்றுக்குள்ளே, சிறுநீரகத்தைச் சுற்றித்தான் சேர்க்கும். அதனால் முதுகு மட்டும் முழுக் கதையைச் சொல்லாது. தொட விடமாட்டேன் என்கிற வியாபாரியிடம் பேச ஒன்றுமில்லை.

கேள்வி: போனில் படம் பார்த்து, முன்பணம் 300 வெள்ளி போட்டேன். ஆடும் வரவில்லை, ஆளும் எடுக்கவில்லை.
– இளைஞர், கோலகங்சார்

பதில்: தம்பி, அந்த ஆட்டை அவரே பார்த்திருக்க மாட்டார். உடனே மோசடிப் புகார் எண் 997க்கு அழையுங்கள், போலீஸ் புகாரும் கொடுங்கள். இதே பத்தியில் இதை எத்தனை தடவை எழுதுவது?

கேள்வி: கன்று போட்டு இரண்டு மாதமான கறவை மாடு வாங்கினேன். பால் நன்றாகத்தான் தருகிறது. ஆனால் இடுப்பெலும்பு துருத்துகிறது. லயத்தில் எல்லாரும் சிரிக்கிறார்கள். ஏமாந்துவிட்டேனா?
– தோட்டத் தொழிலாளி

பதில்: இல்லை. சிரிப்பவர்களுக்குப் பால் கொடுக்காதீர்கள். கன்று போட்ட மாடு தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்துத்தான் கறக்கும். ஐந்துக்கு மூன்றில் இருந்தது இரண்டரைக்கு இறங்குவது வழக்கம்தான். வாலடியின் இருபுறமும் ஆழக் குழி விழுந்து, தோல் எலும்போடு ஒட்டினால் மட்டும் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். செம்பனைப் புண்ணாக்கு கொடுக்கலாம். ஆனால் பக்கத்துக் கொட்டகையில் செம்மறி இருந்தால் அதே மூட்டையை அதற்குத் தொடர்ந்து கொட்டாதீர்கள். அதிலுள்ள செம்பு ஈரலில் சேர்ந்து செம்மறியைச் சாய்த்துவிடும்.

கேள்வி: பேத்திக்குப் பாலுக்காகப் பண்ணைக்காரரிடம் இரண்டு வெள்ளாடு வாங்கினேன். “நல்ல வயிறு பாட்டி, சினையாக இருக்கும்” என்றார். ஒரு மாதத்தில் ஒன்று செத்தது. இன்னொன்றின் தாடைக்குக் கீழே வீக்கம். ஆட்டுக்கெல்லாம் வழக்குப் போட முடியுமா?
– பாட்டி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, முதலில் இருக்கிற ஆட்டைக் காப்பாற்றுங்கள். கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் பரவாயில்லை. சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தால் இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழுவாக இருக்கலாம், அந்தத் தாடை வீக்கமும் அதனுடையதாகவே இருக்கும். மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்கு இன்றைக்கே போங்கள். மருந்தை நீங்களாகக் கடையில் வாங்கி ஊற்ற வேண்டாம்.

வழக்கு விஷயம்: முடியும். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘பொருள்’ என்பதில் பிராணிகளும் அடங்கும், மீன்கூட அடங்கும். வீட்டுத் தேவைக்கு வியாபாரியிடம் வாங்கியிருக்கிறீர்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம். ரசீது, போன் செய்திகள், மருத்துவர் எழுதித் தருவது எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். சினை என்று அவர் சொன்னதைக் கேட்டவர் யாராவது இருந்தால் அவரையும் கூட்டிப் போங்கள். பேத்தி பாலுக்குக் காத்திருக்க, நோய் ஆட்டைத் தள்ளிவிட்டவருக்கு நான் பரிந்து பேசப்போவதில்லை.

கேள்வி: எங்கள் நாய் குண்டு என்று கடைக்காரர் விலை கூடிய ‘டயட்’ தீனியை வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?
– ஆசிரியை

பதில்: முதலில் குண்டா என்று பாருங்கள். கையை மூடி விரல் முட்டிகளைத் தடவுங்கள்: விலா அப்படி இருந்தால் மெலிவு. கையை விரித்துப் புறங்கையைத் தடவுங்கள்: அப்படி இருந்தால் சரி. உள்ளங்கைபோல் எலும்பே தெரியாமல் மெத்தென்று இருந்தால் குண்டு. மருத்துவர்கள் நாய்க்கு ஒன்பதுக்கு மதிப்பெண் போடுவார்கள்; நாலும் ஐந்தும்தான் நல்லது. குண்டு என்றால், இருக்கிற தீனியையே கப்பில் அளந்து போடுங்கள், இட்லி மிச்சத்தை நிறுத்துங்கள். எங்கள் வீட்டு நாய்க்கு நான் 140 வெள்ளிக்கு அந்த மூட்டையை வாங்கினேன். அது தொடவில்லை, கோழிகள் தின்றன. பூனைக்கு மட்டும் திடீரென்று சாப்பாட்டை வெட்டாதீர்கள். குண்டுப் பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே ஈரல் கெடும்.

கேள்வி: கம்பத்துக் கோழி கனமா என்று எப்படித் தெரியும்?

பதில்: நெஞ்செலும்பைப் பிடியுங்கள். கத்திபோல் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: ஆடு நிறுக்க நானே ஒரு தராசு வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம், அளவு நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து பின்பக்க எலும்பு முனைவரை நீளம், இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 10,840ஆல் வகுத்தால் ஏறக்குறையக் கிலோ வரும். சுற்றளவு 76, நீளம் 65 என்றால் சுமார் 35 கிலோ. வியாபாரியின் தராசில் சந்தேகம் இருந்தால் 10 கிலோ அரிசிப் பையைக் கையோடு கொண்டுபோய் முதலில் அதை வைத்துப் பாருங்கள். நான் இரவுச் சந்தையில் 35 வெள்ளிக்கு ஒரு தொங்குதராசு வாங்கினேன். அது என் பேரனை மூன்று கிலோ கூட்டிக் காட்டியது. ஒரு மாதம் அவனுக்குச் சோற்றைக் குறைத்த பாவம் என் தலையில்.