லேப்டாப்பை மாற்றும் முன் ஃபைலை மாற்றிப் பாருங்கள்

கேள்வி: மெல்லிசைக் குழு ஒன்றில், பாட்டுக்கு ஏற்ற மாதிரி மேடைக்குப் பின்னால் எல்இடி வாலில் (விளக்குப் பேனல்களை அடுக்கிய பெரிய திரை) வீடியோ ஓட்டுகிறேன். வீடியோக்களைக் கலந்து ஓட்டும் மென்பொருள் ரெசல்யூம். லேப்டாப் 2013-ல் வாங்கியது. ஐ5, 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. ஒரு வீடியோ என்றால் சமாளிக்கிறது, அதன் மேல் இன்னொன்றைப் போட்டால் திக்கித் திக்கி ஓடுகிறது. மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினத்தில் நடந்த கச்சேரியில் பாதிப் பாட்டில் படம் அப்படியே நின்றுவிட்டது. குழுத் தலைவர் "புது லேப்டாப் வாங்கு, இல்லைன்னா நான் ஆளை மாத்திக்கிறேன்" என்கிறார். என்ன செய்வது?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் ஓட்டுவதெல்லாம் இணையத்தில் இறக்கிய எம்பி4 ஃபைல்கள்தானே? அப்படியானால் லேப்டாப்பைத் திட்டிப் புண்ணியமில்லை.

எம்பி4-க்குள் பெரும்பாலும் ஹெச்.264 என்ற முறையில்தான் படம் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். மளிகைக் கடைக் கணக்கு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் வரியில் முழு விவரம் எழுதிவிட்டு, கீழே வரிசையாக "மேற்படி, மேற்படி" என்று போட்டுக்கொண்டே போவார்கள் இல்லையா, அதே கதைதான் இங்கேயும்: எப்போதாவது ஒரு முழுப் படம், நடுவில் வருவதெல்லாம் முந்தைய படத்திலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும். நேராகப் பார்த்துக்கொண்டு போனால் சிக்கல் இல்லை. நீங்கள் தாளத்துக்கு ஏற்ப நடுவில் தாவுகிறீர்கள், திருப்பி ஓட்டுகிறீர்கள், ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றுகிறீர்கள். ஒவ்வொரு முறையும் அது மேலே போய் முழு வரியைத் தேடி, அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு இறங்கி வர வேண்டும். வயதான ஐ5 அதில்தான் மூச்சு வாங்குகிறது.

மேடை வீடியோவுக்கென்றே உள்ள முறைகள் வேறு. ரெசல்யூமுக்கு டிஎக்ஸ்வி என்ற முறை; மேட்மேப்பர், டச்டிசைனர் மாதிரி மற்ற மென்பொருள்களுக்கு ஹேப் என்ற முறை. இவற்றில் ஒவ்வொரு படமும் தனித்தனியாக முழுசாக இருக்கும், அதுவும் கிராபிக்ஸ் சிப்பு நேரடியாக வாங்கிக்கொள்ளும் வடிவத்தில். ரெசல்யூம்காரர்களே ஆலி என்று ஒரு இலவச மென்பொருள் தருகிறார்கள், அதில் ஃபைல்களைப் போட்டு டிஎக்ஸ்வியாக மாற்றிக்கொள்ளலாம். இரவில் மாற்றப் போட்டுவிட்டுத் தூங்குங்கள், பழைய மெஷினில் நேரம் பிடிக்கும்.

ஆனால் ஃபைல் வீங்கும். கணக்கைப் பாருங்கள். சாதாரண ஹேப்பில் ஒரு புள்ளிக்கு 4 பிட். 1920 x 1080 அளவில் நொடிக்கு 25 படம் என்றால் அதிகபட்சம் நொடிக்கு 26 எம்பி, மூன்று அடுக்கு போட்டால் 78 எம்பி. டிஎக்ஸ்வியும் கிட்டத்தட்ட அதே இனம்தான். மூன்று ஃபைல்களுக்கும் மாறி மாறி ஓடித் தேடுகிற பழைய ஹார்ட் டிஸ்க் அந்த வேகத்தில் திணறிவிடும். ஆகவே காசு செலவழிப்பதாக இருந்தால் முதலில் ஒரு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) போடுங்கள். அடுத்தது ரேம், இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே அளவில் 4+4. தனி கார்டு இல்லாத லேப்டாப்பில் கிராபிக்ஸும் அதே ரேமில்தான் குடித்தனம், அதனால் ஜோடியாகப் போட்டால் படத்துக்கும் பலன் உண்டு.

அதற்கும் முன்னால், காசே ஆகாத வேலை ஒன்று இருக்கிறது, அதைத்தான் யாரும் செய்வதில்லை. உங்கள் எல்இடி வாலில் எத்தனை புள்ளி என்று வாடகைக்காரரிடம் கேட்டிருக்கிறீர்களா? வாடகைக்கு வருவதில் பி3.91 வகை (புள்ளிக்குப் புள்ளி 3.91 மி.மீ.) நிறைய. அதில் அரை மீட்டருக்கு அரை மீட்டர் பேனல் ஒன்றில் 128 x 128 புள்ளிதான். 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்றால் மொத்தமே 1024 x 768. இதற்குப் போய் 1080-ஐத் தள்ளினால் பாதிக்கு மேல் வீண், யார் கண்ணுக்கும் தெரியப்போவதில்லை. ஃபைல்களையும் சரி, ரெசல்யூமில் காம்போசிஷன் (எல்லா அடுக்கும் சேர்ந்த மொத்தப் படம்) அளவையும் சரி, அந்த 1024 x 768-க்கே வையுங்கள். ஒரு அடுக்கு நொடிக்கு 10 எம்பிக்குள் அடங்கிவிடும். எஃபெக்ட்டுகளும் காம்போசிஷன் அளவில்தான் வேலை செய்கின்றன, அந்தச் சுமையும் குறையும். படத்தை மங்கலாக்கும் ப்ளர் எஃபெக்ட்டை மட்டும் அளவோடு பயன்படுத்துங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் திக்கினால் புது லேப்டாப் வாங்குங்கள், நான் தடுக்க மாட்டேன்.

கேள்வி: கல்யாண மேடைகளில் வீடியோ ஓட்டும் என் லேப்டாப் முதல் அரை மணி நேரம் அருமையாக ஓடும், அப்புறம் மெல்ல மெல்லத் தொய்ந்துவிடும். வைரஸாக இருக்குமா?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: சூடுதான் அம்மா. சிப்பு ஒரு அளவுக்கு மேல் சுட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விசிறியைத் திறந்து பாருங்கள், தூசி மெத்தை மாதிரி அடைத்திருக்கும். நம்ம ஊர் உப்புக்காற்றில் அது பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும், ஊதினால் போகாது. சுத்தம் செய்யும்போதே சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றச் சொல்லுங்கள். மேடையில் ஸ்பீக்கர் பெட்டி மேலோ மெத்தென்ற துணி மேலோ வைக்காதீர்கள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஓட்டினாலும் வேகம் குறையும், அதையும் கவனியுங்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் வீட்டில், ஏசி போடாமல், இரண்டு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.

அப்படியே நோட்டிஃபிகேஷன், ஸ்லீப், ஸ்கிரீன் சேவர் மூன்றையும் அணையுங்கள், திரையை டூப்ளிகேட் (லேப்டாப்பில் தெரிவதே மேடையிலும்) இல்லாமல் எக்ஸ்டெண்டில் (மேடைத் திரை தனியாக) வையுங்கள். ஒரு வரவேற்பில் மாப்பிள்ளையும் பொண்ணும் நடந்து வரும்போது, எனக்கு வந்த கேஸ் புக்கிங் மெசேஜ் 12 அடியில் தெரிந்தது. இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

கேள்வி: ரெசல்யூமைக் காசு கொடுக்காமல் மேடையில் பயன்படுத்தலாமா?
– வாசகர், லாஸ்பேட்டை

பதில்: பழகிப் பார்க்கலாம். ஆனால் காசு கட்டாத வரை படத்தின் மேல் அவர்கள் சின்னம் வந்துகொண்டே இருக்கும், மேடைக்கு ஆகாது. ஒரு பாட்டுக்கு ஒரு வீடியோ, கலப்பது ஒன்றும் இல்லை என்றால் விஎல்சியே போதும். அது இலவசம், உங்கள் எம்பி4-ஐ மாற்றவும் வேண்டாம்.