பேய்மழையில் பேய் எங்கே?

அன்புள்ள ஐயா,

பேய்மழை, பேய்க்காற்று, பேய்ச்சுரை என்கிறோம். மழைக்கும் சுரைக்காய்க்கும் இறந்தவர் ஆவிக்கும் என்ன உறவு? பேய், பிசாசு, ஆவி மூன்றும் ஒன்றுதானா? பேய் என்பது தொடக்கம் முதலே இழிசொல்தானே?

தங்கள் வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மூன்றும் ஒன்றல்ல. பிசாசு வடமொழியிலிருந்து வந்தது. ஆவி என்றால் மூச்சு. உலைப்பானையில் எழுவதும் ஆவிதான்.

பேய்க்கு வரும்போது, இறந்தவர் என்ற பொருளைக் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள். தொல்காப்பியத்தில் அருஞ்சொற்களுக்குப் பொருள் சொல்லும் உரியியல் ‘பேம், நாம், உரும்’ ஆகிய மூன்றும் அச்சப்பொருள் தருவன என்கிறது. பேய் அந்தப் ‘பேம்’ வழியில் வந்தது என்றே நான் கருதுகிறேன். ‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்னும்போதும் அச்சம்தான் முதலில் வருகிறது, பேய் பிறகுதான். அளவு மீறிக் கொட்டி நம்மை நடுங்கவைக்கும் மழை பேய்மழை. அங்கே எந்த ஆவியும் தேவைப்படவில்லை.

பேய்ச்சுரை வேறு கதை. அங்கே பேய் என்றால் போலி. கொடியைப் பார்த்தால் சுரை, காயைப் பார்த்தாலும் சுரை. நறுக்கி நாக்கில் வைத்தால்தான் கசப்பு தெரியும். பேய்ப்புடலும் பேய்ப்பீர்க்கும் இப்படித்தான். பட்டினத்தார் கையிலிருந்ததாகச் சொல்லப்படும் பேய்க்கரும்பும் அந்த இனமே. எனக்கு மிகவும் பிடித்தது பேய்த்தேர். கானல்நீருக்கு நம் முன்னோர் வைத்த பெயர் அது. கொதிக்கும் பாலை நிலத்தில் தொலைவில் வெள்ளையாக எதுவோ அசைந்து ஓடுகிறது. கிட்டப் போகப் போக விலகிக்கொண்டே இருக்கிறது. அதைத் தேர் என்று கண்டு, ஆனால் பொய்த்தேர் என்று உணர்ந்து, ஒரே சொல்லில் வைத்துவிட்டார்கள்! ஏமாற்றுவதை யாழ்ப்பாணத்தார் ‘பேய்க்காட்டுதல்’ என்பதும் இந்தத் தடத்தில்தான் வருகிறது.

இழிசொல் என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். காரைக்கால் அம்மையார் தம்மைப் பேய் என்றே பாடலில் சொல்லிக்கொண்டார். திருவாலங்காட்டுப் பதிகத்தில் அவர் காட்டும் பெண்பேய்க்கு வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, ஆழ்ந்த கண், குழிந்த வயிறு. சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் அந்த உடலோடுதான் அவர் தாளமிட்டு அமர்ந்திருக்கிறார். பெண்ணுக்கு உலகம் விதித்த அழகை உதறியவர் விரும்பி ஏற்ற பெயர் அது. முதலாழ்வார் மூவரில் ஒருவரும் பேயாழ்வார்தானே?

கலிங்கத்துப்பரணியின் பேய்களோ நம் அண்டை வீட்டாரைப் போன்றவை. போர்க்களத்தில் கூழ் சமைத்து, குருட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும் மறக்காமல் வார்க்கச் சொல்கின்றன. அந்தப் பகுதியை உரையோடு படித்துவிட்டு எழுதுங்கள்.