பாம்புக்கு ஏற்ற பதுங்கிடம் எது?

கேள்வி: எங்கள் 14 வயது மகன் விடாமல் கேட்டதால் ஓர் இளம் ராயல் பைத்தான் பாம்பை வாங்கிக் கொடுத்தோம். நான்கடி நீளக் கண்ணாடிப் பெட்டியின் நடுவில், இரு முனையும் திறந்த பாதி மரத்துண்டு ஒன்று மட்டும் வைத்திருக்கிறோம். வந்து மூன்று வாரமாகியும் பாம்பு இரை எடுக்கவில்லை. இரவெல்லாம் கண்ணாடியை முட்டிக்கொண்டு சுற்றுகிறது. கடையில் மண்டையோடு, கோட்டை வடிவங்களில், பாம்பு பதுங்குவதற்கான விதவிதமான ஒளிவிடங்கள் விற்கிறார்கள். எதை வாங்கலாம்? வீட்டிலிருக்கும் மண் பூந்தொட்டியைக் கவிழ்த்து வைத்தால் போதுமா?
(வாசகி, ஹாரோ, லண்டன்)

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகள் இரண்டும், பாம்புக்கு ஒளிந்துகொள்ள இடம் இல்லை என்பதையே முதலில் காட்டுகின்றன. கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த கதை நமக்குத் தெரிந்ததுதான். மேற்கு ஆப்பிரிக்காவின் கானா, டோகோ, பெனின் நாடுகளில் இந்த ராயல் பைத்தானும் அதைத்தான் செய்கிறது. கைவிடப்பட்ட கரையான் புற்றுகளிலும் எலி வளைகளிலும் பகல் முழுவதும் சுருண்டு கிடந்து, இருட்டிய பிறகே வெளியே வரும். அப்படிப்பட்ட உயிருக்கு இரு முனையும் திறந்த மரத்துண்டு ஒளிவிடமே அல்ல. உடலின் பக்கங்கள் எதிலாவது அழுந்தியிருக்கும்போதுதான் அது தன்னைப் பாதுகாப்பாக உணரும். அந்த உணர்வு இல்லாதபோது இரையைத் தொட மறுப்பது இந்த இனத்தின் நன்கறிந்த இயல்பு.

ஆகவே, ஒரே ஒரு வாயில் கொண்ட, சுருண்டு படுத்தால் உடல் சுவர்களைத் தொடுகிற அளவுக்கு நெருக்கமான ஒளிவிடங்கள் இரண்டை வாங்குங்கள். ஒன்று பெட்டியின் வெப்பமான முனையிலும், மற்றொன்று குளிர்ந்த முனையிலும் இருக்க வேண்டும். பாம்பு தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாமல் இடம் மாறி இடம் மாறிச் சீராக்கிக்கொள்ளும் பிராணி என்பதால், ஒளிவிடம் ஒன்று மட்டும் இருந்தால் கதகதப்பா பாதுகாப்பா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலைக்கு ஆளாகிறது. பெரும்பாலும் பாதுகாப்பையே தேர்ந்தெடுத்து, செரிமானத்துக்குத் தேவையான வெப்பத்தை இழக்கிறது. வெப்பமான ஒளிவிடத்தின் உட்பகுதி 31 முதல் 33 பாகை செல்சியஸ் வரையும், குளிர்ந்த பக்கம் 24 முதல் 26 பாகை வரையும் இருப்பது நல்லது. பெட்டியின் சுவரில் ஒட்டிய வெப்பமானி உள்ளே இருக்கும் நிலையைக் காட்டாது. அதன் உணர்முனையை ஒளிவிடத்துக்குள்ளேயே வைத்து அளவிடுங்கள். வெப்ப விரிப்பு வைத்திருந்தால் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஒரு நாளும் இயக்க வேண்டாம். வயிறு சுடும்போது பாம்பு உடனே விலகிவிடும் என்று நம்பியதால் தீக்காயம் பட்ட பாம்புகள் ஏராளம்.

மண்டையோடும் கோட்டையும் வாங்குபவர் கண்ணுக்காகச் செய்யப்பட்டவை என்பது என் எண்ணம். கண் குழி, பல் இடுக்கு, சாளரம் என்று அவற்றில் பல துளைகள் இருக்கும். தலை நுழைந்து உடல் நுழையாத துளைதான் மிக ஆபத்தானது. இரை விழுங்கிய பாம்பின் வயிறு பருத்திருப்பதால் நேற்று எளிதாகக் கடந்த துளையில் இன்று சிக்கிக்கொள்ளலாம். உங்கள் பூந்தொட்டியிலும் இதே குறை உண்டு: அடியிலுள்ள வடிதுளை இளம் பாம்பின் தலை நுழையும் அளவில் இருக்கக்கூடும். துளையில்லாத தொட்டியாக எடுத்து, விளிம்பில் அகலமான வாயில் ஒன்றை வெட்டி, கூர்முனைகளை அரத்தால் தேய்த்து மழுங்கச் செய்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். வாயில் வெட்டிய பிளாஸ்டிக் டப்பாவும் போதும். விலை குறைவு, கழுவுவதும் எளிது. துளையை அடைக்கவோ எதையும் பொருத்தவோ ஒட்டும் நாடாவைப் பெட்டிக்குள் பயன்படுத்தாதீர்கள். செதிலில் ஒட்டிக்கொண்டால், பிய்க்கும்போது தோலும் சேர்ந்து கிழியும்.

கனமான மண்பாண்டத்தையும் கல்லையும் பரப்பிய மரத்தூளின் மேல் வைக்காமல் பெட்டியின் அடித்தரையிலேயே பதியுமாறு வையுங்கள். பாம்பு அடியில் குடைந்து சென்றால் அவை சரிந்து நசுக்கிவிடும். தேவதாரு, பைன் போன்ற மணமுள்ள மரங்களின் எண்ணெய் பாம்புக்கு ஆகாது. வீட்டில் தரை துடைக்கும் பினாயில், டெட்டால் வகைகளும் அப்படியே. ஒளிவிடங்களைச் சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவி, நன்றாக அலசி, உலர்த்தி வைத்தால் போதும். ஊர்வனவற்றின் உடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதால், இந்த வேலையைச் சமையலறைத் தொட்டியில் செய்ய வேண்டாம்.

ஒளிவிடங்களை மாற்றிய பிறகு ஒரு வாரம் பாம்பைத் தொடாமல் விட்டு, பின்பு மாலையில் இரை வைத்துப் பாருங்கள். அதற்குப் பின்னும் மறுத்து எடையும் குறைந்தால் ஊர்வன மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இங்கிலாந்தின் 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, 16 வயது நிரம்பாத பிள்ளை வளர்க்கும் பிராணிக்கும் பெற்றோரே பொறுப்பு. மகனிடம் விட்டுவிட்டு ஒதுங்க இயலாது.

கேள்வி: என்னிடம் இருப்பது கார்ன் ஸ்னேக். ஈரப்பாசி நிரப்பிய ஒளிவிடம் எப்போதும் பெட்டியில் இருக்க வேண்டுமா?
(வாசகர், டொராண்டோ)

பதில்: எப்போதும் இருந்தால் பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை கூடும். சட்டை உரிக்கும் முன் கண்கள் நீலம் பாய்ந்து மங்கும்போது, வாயில் வெட்டி மூடி போட்ட சிறிய டப்பாவில் பிழிந்த ஸ்பாக்னம் பாசியை இட்டு, வழக்கமான இரண்டு ஒளிவிடங்களோடு மூன்றாவதாக வையுங்கள். சட்டை உரித்ததும் எடுத்துவிடலாம். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும்போது உங்கள் ஊரில் காற்று மிகவும் வறண்டுவிடும் என்பதால், அந்த மாதங்களில் மட்டும் நிரந்தரமாக வைத்து, வாரந்தோறும் பாசியை மாற்றுவது நல்லது. உரித்த சட்டையை எடுத்து, கண்களை மூடியிருந்த படலம் இரண்டும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று கண்ணிலேயே தங்கியிருந்தால் நகத்தாலோ இடுக்கியாலோ உரிக்க முயலாமல் மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.