சுண்ணாம்பும் சோளமும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

கணவரின் வேலையால் இரண்டு வருடமாகக் குவாத்தமாலா சிட்டியில் இருக்கிறோம். திக்கல் கோபுரங்களைப் பார்த்தபோது, அழிந்துபோன மாயன் இனத்தை நினைத்துக் கண் கலங்கியது. நம் மயன்தான் அங்கே போனவர் என்கிறார்களே, உண்மையா? ஊர் திரும்புவதற்குள் அசல் மாயன் பண்பாட்டைப் பார்த்துவிட ஆசை. எங்கே போகலாம்? வீட்டில் சமைக்கும் அக்கா கோபான் பக்கத்துக் கிராமத்துக்காரர், வெகுளி. மக்காச்சோளத்தில் சுண்ணாம்பு போட்டு வேகவைக்கிறார். பிள்ளைகள் வயிற்றுக்கு ஆகாதென்று நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

மயன் சமாசாரம் மாதம் ஒரு கடிதத்திலாவது வந்துவிடுகிறது. பெயர் ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். மேலே போவோம்.

'அழிந்துபோன' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. ஆயிரம் வருடத்துக்கு முன் திக்கலைத்தான் விட்டுப் போனார்கள், ஆட்கள் அழியவில்லை. குவாத்தமாலாவில் மட்டும் இன்றும் 22 மாயா மொழிகள் இருக்கின்றன. 1996-இல் முடிந்த 36 வருட உள்நாட்டுப் போரில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள், காணாமல் போனார்கள். விசாரணை ஆணையம் அடையாளம் கண்டவர்களில் 83 சதவீதம் மாயாக்கள். உங்கள் அக்காவின் வீட்டார் அதையெல்லாம் தாண்டி வந்தவர்களாக இருக்கலாம். கோபான் பக்கம் என்றால் வீட்டில் கெக்சி என்ற மாயா மொழி பேசுவார், உங்களுக்காக ஸ்பானிஷ் பேசுகிறார். அவரா வெகுளி?

சரி, சுண்ணாம்புக்கு வருகிறேன். ஸ்பானிஷ் படிக்கிறேன் பேர்வழி என்று அத்தித்லான் ஏரிக்கரையில், சான் பெத்ரோவில், சுத்துஹில் என்ற மாயா இனக் குடும்பம் ஒன்றோடு ஒரு மாதம் தங்கியிருந்தேன். வீட்டுக்காரம்மா ராத்திரி சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அப்படியே மூடிவைப்பார். காலையில் கையை விட்டு அலசினால் தோல் மஞ்சளாக வழன்று வரும். நாலைந்து தண்ணீர் மாற்றி, அன்னக்கூடையில் வழித்துக்கொண்டு மாவு மில்லுக்குப் போவார். அப்புறம் உள்ளங்கையில் தட்டுகிற சத்தம். நான் தட்டிய ரொட்டியை நாய்க்குப் போட்டார்கள். அதுவும் கொஞ்சம் யோசித்தது.

சுண்ணாம்பு எதற்குத் தெரியுமா? சோளத்தில் இருக்கும் நியாசின் சத்து அது இல்லாமல் உடம்பில் சரியாகச் சேராது. ஐரோப்பாவுக்குச் சோளம் போனது, சுண்ணாம்பு போகவில்லை. வட இத்தாலியில் சோளமே கதியென்று கிடந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்தது, வயிற்றால் போனது, புத்தி பேதலித்தது. பெலாக்ரா என்று அதற்குப் பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். இந்த அம்மாக்கள் இதற்கெல்லாம் வெகுகாலம் முன்பிருந்தே சுண்ணாம்பு போட்டுக்கொண்டிருந்தார்கள். கடவுள்கள் முதலில் மண்ணிலும் மரத்திலும் ஆளைச் செய்து பார்த்துத் தோற்று, கடைசியில் மஞ்சள் சோளத்திலும் வெள்ளைச் சோளத்திலும் செய்தார்கள் என்கிறது மாயாக்களின் புனித நூலான போப்பொல் வூ. அந்தச் சோளத்தைத்தான் அம்மா நீங்கள் திருத்தப் பார்த்தீர்கள்! வெற்றிலையில் தடவினால் மட்டும் சுண்ணாம்பு இனிக்குமோ?

எங்கே போகலாம் என்று கேட்டிருந்தீர்கள் இல்லையா? வியாழனோ ஞாயிறோ சிச்சிகாஸ்தெனாங்கோ சந்தைக்குப் போங்கள். சாந்தோ தோமாஸ் தேவாலயப் படிகளில் கோபால் என்ற மரப் பிசினைச் சாம்பிராணிபோலப் புகையவிடுவார்கள். கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும்.

அதற்கு முன்னால், இன்று ராத்திரியே அக்காவைப் பழையபடி சோளம் வேகவைக்கச் சொல்லுங்கள். சாப்பிட்டு முடித்ததும் 'பந்தியோஷ்' என்று சொல்லுங்கள். கெக்சியில் நன்றி. பந்தி என்று தொடங்குகிறதே, இதுவும் தமிழ்தானா என்று அடுத்த கடிதம் மட்டும் போட்டுவிடாதீர்கள்.