பழைய மோரிஸ் மைனரில் ரேடியோ டிரான்ஸ்மிட்டர்: மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது?

கேள்வி: என்னிடம் 1960ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் கார் இருக்கிறது. அமெச்சூர் ரேடியோ உரிமமும் உண்டு. சோதனை முயற்சியாக நானே அமைத்த 25 வாட் டிரான்ஸ்மிட்டரை அதில் பொருத்த வேண்டும். இக்னிஷன் சுவிட்சிலிருந்து ஒரு வயர் இழுத்தால் போதும் என்கிறார் எலக்ட்ரீஷியன். செய்யலாமா?

பதில்: செய்ய வேண்டாம். இக்காலக் கார்களில் பேட்டரியின் எதிர்முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். உங்கள் கார், யாரும் இடையில் மாற்றியிருக்காவிட்டால், நேர்முனை பாடியில் இணைந்த பழைய அமைப்பு. ஆகவே வழக்கம்போலச் சிவப்பு வயரைச் சுவிட்சிலும் கறுப்பு வயரைப் பாடியிலும் கொடுத்தால், மின்சாரம் தலைகீழாகப் பாய்ந்து டிரான்சிஸ்டர்கள் அந்தக் கணமே போய்விடும்.

வயர்களை மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அது இன்னும் மோசமான யோசனை. டிரான்ஸ்மிட்டரின் உலோகப் பெட்டி பொதுவாக எதிர்முனையோடு இணைந்திருக்கும். ஆன்டெனா கேபிளின் வெளிவலையும் அதே பெட்டியோடு இணைந்திருக்கும். பெட்டியை ரப்பர் வைத்துப் பிரித்தாலும், ஆன்டெனாவின் அடிப்பாகம் கூரையில் திருகப்பட்டதும் அந்த வெளிவலை வழியாகவே ஷார்ட் சர்க்யூட் உண்டாகி வயரிங் உருகும். காந்த அடிப்பாகத்துக்கு இந்த ஆபத்து இல்லை என்று கடைக்காரர் சொல்வது பாதி உண்மை. கீழே பெயின்ட் இருக்கும்வரை நேரடித் தொடர்பு இராது. அறுபது ஆண்டு கண்ட கூரையில் அந்தப் பெயின்டை நம்பி வண்டியை ஓட்டுவது அறிவுடைமை ஆகாது.

என் பரிந்துரை, காரின் வயரிங்கைத் தொடாமல் தனி 12 வோல்ட் சீல்டு பேட்டரி ஒன்றை வைத்து, அதை வீட்டில் சார்ஜ் செய்துகொள்வதே. பேசும்போது சுமார் 5 ஆம்பியர்தான் தேவைப்படும். பேட்டரி நகராதபடி இறுக்கிக் கட்டி, நேர்முனைக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் போடுங்கள். அதன் நேர்முனை வயர் காரின் எந்த வயரையும், பாடியையும் தொடக் கூடாது.

எஞ்சின் சுழலும் வேகத்தோடு கூடிக் குறைந்து ரேடியோவில் கேட்கும் டிக்டிக் சத்தம் ஸ்பார்க் பிளக்குகளுடையது. ரெசிஸ்டர் வைத்த பிளக் மூடிகள் அதைக் குறைக்கும். டைனமோவின் இரைச்சலுக்கு ஒரு மைக்ரோஃபேரட் கண்டென்சரை அதன் பெரிய வெளியீட்டு முனையில் போடலாம். எஃப் எனக் குறித்த முனையில் போட்டால் கட்அவுட் பெட்டியின் (டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி) பாயின்ட்டுகள் எரியும்.

144 மெகாஹெர்ட்ஸ் (2 மீட்டர்) அலைவரிசையில் பேசுவதானால், ஆன்டெனாவுக்குக் கூரையின் நடுவே சுமார் அரை மீட்டர் நீளக் கம்பி போதும்.

உரிமத்தின் நகலை வண்டியிலேயே வையுங்கள். இதுபோன்ற டிரான்ஸ்மிட்டரைக் கையில் வைத்திருப்பதற்கே இந்தியாவில் அனுமதி வேண்டும் என்பதை, இணையத்தில் வாக்கி டாக்கி விற்பவர்கள் பலர் வாங்குபவரிடம் சொல்வதில்லை. சோதனைச் சாவடியில் பதில் சொல்பவர் விற்றவர் அல்லர், நீங்கள்தான். ‘காருக்குத் தனி பர்மிட் வாங்கித் தருகிறேன்’ என்று தரகர் எவராவது வந்தால் ஒரு ரூபாயும் தராதீர்கள். உரிம வேலைகளுக்குத் தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். அங்கே கோப்பு நகரும் வேகம் எரிச்சலூட்டும். அந்த எரிச்சலை நம்பித்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.