பழைய டிராக்டருக்கு 15டபிள்யூ-40 ஊற்றலாமா?

1960-களின் டீசல் டிராக்டர், இதுவரை எஸ்ஏஇ 30 என்ற ஒற்றைத் தர எஞ்சின் ஆயில், இனி 15டபிள்யூ-40 என்ற பல்தர ஆயில் ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக ஊற்றலாம். ஆனால் முதலில் வால்வு மூடியைக் கழற்றி உள்ளே விரலால் தடவிப் பாருங்கள். கறுப்பாகக் களிபோல ஒட்டினால் எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்பையும் இறக்கிக் கழுவிவிடுங்கள். புது ஆயிலில் உள்ள, அழுக்கை நீக்கும் டிடர்ஜென்ட் அந்தக் கசடைப் பெயர்த்தெடுக்கும். அது போய் பம்ப் சல்லடையை அடைக்கும். அப்புறம் ஆயில் பிரஷர் விழும், பேரிங் போகும். சுத்தமாக இருந்தால் கவலையில்லை, முதல் தடவை மட்டும் சீக்கிரமே மாற்றிவிடுங்கள்.

நீங்கள் கேட்காத கியர்பாக்ஸில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கியர் ஆயில் தரங்களில் ஜிஎல்-4-ஐவிட ஜிஎல்-5 உசத்தி என்று நினைத்து ஊற்றாதீர்கள். அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பித்தளை, வெண்கல புஷ்களை அரிக்கக்கூடும். கையேட்டில் வேறு சொல்லாவிட்டால் ஜிஎல்-4 போதும். ஹைட்ராலிக்கும் கியரும் ஒரே ஆயிலில் ஓடும் மாடலா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.