பேக்டெஸ்டில் 85,000 லாபம், வரி போட்டால் நஷ்டம்

கேள்வி: பெருந்துறையில் இருக்கிறேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை, வயது 31. பைதான் கற்றுக்கொண்டு கிரிப்டோவுக்கு ஒரு டிரேடிங் முறை எழுதியிருக்கிறேன். விலையின் 7 நாள் சராசரி 19 நாள் சராசரியை மேலே தாண்டினால் வாங்குவது, கீழே இறங்கினால் விற்பது, கூடவே 10 சதவீதம் விழுந்தால் தானாக விற்கும் ஸ்டாப் லாஸ். பிட்காயின், ஈதர், சொலானா உட்பட 5 காயின்களில் தலா 80,000 ரூபாய். பேக்டெஸ்டில், அதாவது பழைய விலைகளில் ஓட்டிப் பார்த்ததில், கடைசி ஒரு வருடத்துக்கு 85,000 லாபம் காட்டுகிறது. ஏலச்சீட்டு தள்ளி எடுத்த 4 லட்சம் கையில் இருக்கிறது. இறங்கலாங்களா? ஷீட்டை இணைத்திருக்கிறேன்.

பதில்: இப்போதைக்கு வேண்டாங்க. உழைத்துத்தான் செய்திருக்கிறீர்கள், ஷீட்டைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் அதில் வருமான வரிக்கு ஒரு நெடுவரிசைகூட இல்லை.

அந்த ஒரு வருடத்தில் 46 விற்பனை. 17-ல் லாபம், மொத்தம் 2,90,000. மீதி 29-ல் நஷ்டம், மொத்தம் 2,05,000. கழித்தால் நீங்கள் சொன்ன 85,000 வருகிறது. பங்குகளாக இருந்தால் நஷ்டத்தைக் கழித்து மிச்சத்துக்கு வரி கட்டலாம். கிரிப்டோவுக்கு 2022 ஏப்ரலில் இருந்து கதையே வேறு. லாபத்துக்கு 30 சதவீதம், அதன்மேல் 4 சதவீத செஸ், ஆக 31.2. நஷ்டத்தை இன்னொரு காயின் லாபத்தில் கழிக்க முடியாது, அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது. வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவும் கழியாது. அதனால் உங்களுக்கு வரி 85,000-க்கு இல்லை, 2,90,000-க்கு. அதாவது 90,480 ரூபாய். வருடம் முழுக்க டிரேட் செய்து, கைக்காசில் 5,480 போட்டு வரி கட்டுவீர்கள்.

அப்புறம் டிடிஎஸ். ஒவ்வொரு விற்பனையிலும் 1 சதவீதம் பிடிப்பார்கள். 80,000-க்கு 800 என்று வைத்தால் 46 விற்பனைக்கு 36,800. கட்ட வேண்டிய வரியில் இதைக் கழித்துக்கொள்ளலாம், பணம் எங்கேயும் போகவில்லை. ஆனால் அதுவரை டிரேடிங்கில் சுழலாது. உங்கள் ஷீட்டிலோ அந்தப் பணமும் சேர்ந்து சுழல்கிறது. காயின்களை வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சின் கட்டணமும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் தனி.

இந்தச் சட்டம் இருக்கும்வரை, சின்னச் சின்ன நஷ்டங்களை அடிக்கடி கொடுத்து எப்போதாவது பெரிய லாபம் தரும் முறை இங்கே தேறுவது கஷ்டம். யூடியூபில் சராசரிக் கோடுகளை வரைந்து காட்டும் வெளிநாட்டுக்காரர்கள் பலருக்கு இந்தத் தொல்லை இல்லை. உங்களுக்கு உண்டு. சராசரிகளின் நாட்களைக் கூட்டி, விற்பனை எண்ணிக்கையைக் குறைத்துப் பார்ப்பது இதில் கொஞ்சம் உதவும்.

வரியை விட்டாலும் அந்த 85,000-ஐ நான் நம்ப மாட்டேன். எந்த வரிசையை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். வாங்கச் சொல்லும் சிக்னல் அன்றைய முடிவு விலையில் இருந்து வருகிறது, வாங்கியதோ அதே நாளின் தொடக்க விலைக்கு. சாயங்காலம் ஈரோட்டு மஞ்சள் ஏல விலை தெரிந்த பிறகு, ஏறிய மூட்டையைக் காலையிலேயே வாங்கிப் போட்டேன் என்று நோட்டில் எழுதுகிற கணக்கு இது. கிரிப்டோ தரவில் ஒரு நாள் முடிவது பெரும்பாலும் நமக்குக் காலை 5.30 மணிக்கு. அதற்குப் பிறகு கிடைக்கும் விலைதான் உங்கள் விலை. சிக்னல் நெடுவரிசையை ஒரு வரிசை கீழே இறக்கி மறுபடி ஓட்டுங்கள், லாபம் எவ்வளவு கரைகிறது என்று தெரியும்.

ஸ்டாப் லாஸும் ஒவ்வொரு முறையும் கச்சிதமாக 10 சதவீதத்தில் விற்றதாகக் காட்டுகிறது. 2020 மார்ச் 12 அன்று பிட்காயின் ஏறக்குறைய 8,000 டாலரில் தொடங்கி 5,000 பக்கம் வந்து விழுந்தது. அந்த மாதிரி நாளில் நீங்கள் கேட்ட விலைக்கு வாங்க ஆள் இருக்காது.

7, 19 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன? எல்லா ஜோடிகளையும் ஓட்டிப் பார்த்து அதிக லாபம் தந்ததை எடுத்திருந்தால், அது பழைய விலைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. 6-18, 8-21 என்று மாற்றிப் பாருங்கள். லாபம் சரிந்தால் அந்த எண்களில் விஷயம் இல்லை. காயின் தேர்விலும் இதே கோளாறு. இன்று பெரிதாக நிற்கும் ஐந்தை எடுத்திருக்கிறீர்கள். 2022 தொடக்கத்தில் இப்படி ஒரு பட்டியல் போட்டிருந்தால் அதில் லூனா என்ற காயினும் வந்திருக்கலாம். அந்த மே மாதத்தில் சில நாட்களிலேயே அது ஒன்றுமில்லாமல் போனது.

ஆர்வத்தை விட வேண்டாம். 2022 முடிய உள்ள விலைகளை மட்டும் வைத்து முறையை முடிவு செய்யுங்கள். அதன் பிறகு எண்களைத் தொடாமல் 2023-க்கு மேல் ஒரே ஒரு முறை ஓட்டுங்கள். வரி, டிடிஎஸ், கட்டணம் எல்லாம் போட்டும் மிஞ்சினால், ஆறு மாதம் பணம் போடாமல் காகிதத்தில் டிரேட் செய்யுங்கள். அதற்குப் பிறகும் சம்பளத்தில் மிச்சம் பிடித்த 20,000-க்கு மேல் போட வேண்டாம். எக்ஸ்சேஞ்சிலேயே மொத்தத்தையும் வைப்பதும் ஆபத்து. 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சில் இருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருட்டுப் போயின.

சீட்டுப் பணம் கடன் கணக்குதாங்க. தள்ளி எடுத்தாகிவிட்டது, மீதித் தவணையை மாதாமாதம் கட்டியாக வேண்டும். எதற்காக எடுத்தீர்கள் என்று எழுதவில்லை. அவசரத் தேவை இல்லையென்றால் வங்கியில் டெபாசிட்டாகப் போட்டு, தவணையை அதிலிருந்தே கட்டிவிடுங்கள்.